சாந்த்ராகாச்சியில் மழைக்காலம்: மூன்று பாம்புகளும் ஒரு கொசுவலையும்

சென்னை சென்ட்ரலிலிருந்து கொல்கத்தா நோக்கிப் புறப்படும் ரயில்களுள் ஒன்று ஹவுரா நிலையம் வரை செல்வதில்லை. சில கிலோமீட்டர் முன்னதாகவே சாந்த்ராகாச்சியில் தன் பயணத்தை முடித்துக்கொள்கிறது. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுரா மாவட்டத்தில் உள்ள இவ்வூரை வங்காள மக்கள் இரண்டு காரணங்களால் அறிவர். ஒன்று, இங்கு விளையும் சேனைக்கிழங்கு. நாக்கில் அரிக்காத கிழங்கு என்று கடைக்காரர் ஊர்ப்பெயரைச் சொல்லியே விற்பார். மற்றொன்று, ரயில் நிலையத்தை ஒட்டிய பெரிய ஏரி. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் இடம். பணிமாற்றத்தில் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்துசேரும் எங்களைப் போன்ற வங்கி ஊழியர் குடும்பங்களுக்கு மூன்றாவது காரணமும் ஒன்று உண்டு. அது முதல் மழையிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் குடியிருப்பில் அது மாடிப்படிக்கட்டில் தெரிந்தது. ஜூன் மாத இரவு; மின்சாரம் இல்லை. கைவிளக்கின் ஒளியில், கரும்பழுப்பு நிறத்தில் வெண்பட்டைகளுடன், ஒன்றரை அடி நீளத்தில் ஒரு பாம்பு சுவரோரம் ஊர்ந்துகொண்டிருந்தது. “காலாச், காலாச்” என்று கீழ்வீட்டார் கூவினர். கட்டுவிரியனுக்கு வங்காளத்தில் அதுவே பெயர். காவலாளி தடியுடன் ஓடிவந்தார். இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மறுநாள் காலையில் அண்டை வீட்டுப் பள்ளி ஆசிரியர் அதன் உடலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது கர்சித்தி. பல்லி பிடித்துத் தின்னும் சாதுவான பாம்பு. நஞ்சே கிடையாது” என்றார். நாங்கள் அஞ்சியது ஒன்று, கொன்றது வேறொன்று. அதைவிட எங்களை உறுத்தியது வேறு. உண்மையான காலாச் வந்திருந்தாலும் எங்களுக்கு வேறுபாடு தெரிந்திருக்காது. தடியுடன் அருகில் சென்ற காவலாளியே கடிபட்டிருப்பார்.

இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உள்ளன. அவற்றுள் மனித உயிருக்கு ஊறு செய்யும் நஞ்சுடையவை சிறு பகுதியே. ஆனால் அந்தச் சிறு பகுதியால் விளையும் இழப்பு சிறிதன்று. 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தனர் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவ்விறப்புகளில் பாதி, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் நிகழ்பவை. கால்பங்குக்கு மேற்பட்டோர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

சாந்த்ராகாச்சி போன்ற ஊரில் மழைக்காலம் பாம்புக்காலமாவதில் வியப்பில்லை. இது குளங்களும் தாழ்நிலங்களும் நிறைந்த பகுதி. தாழ்நிலத்தை மண்ணிட்டு நிரப்பி அடுக்குமாடி கட்டுகிறோம். மழை பெய்ததும் வளைகளில் நீர் புகுகிறது. எலியும் தவளையும் மேட்டை நாடுகின்றன. அவற்றின் பின்னே பாம்பும் வருகிறது. அந்த மேடு பெரும்பாலும் நம் வீட்டு வாசற்படியாக அமைந்துவிடுகிறது.

படம் எடுப்பதும் சீறுவதும்

தமிழ்நாட்டில் நச்சுப்பாம்பு என்றால் நான்கினைச் சொல்வோம்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றுள் சுருட்டை விரியன் வறண்ட நிலத்துக்குரியது. தெற்கு வங்காளத்தின் ஈரநிலத்தில் அதைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டியதில்லை. எஞ்சிய மூன்று வகைகளையும் நன்கு அறிந்துகொண்டால் இங்குள்ள வீட்டாருக்குப் போதும்.

நாகத்தில் இங்கு இரண்டு இனங்கள் உண்டு. படத்தின் பின்புறம் மூக்குக்கண்ணாடி போன்ற குறியுடையது நம் ஊர் நல்ல பாம்பு, வங்காளத்தில் கோக்ரோ. ஒரே ஒரு வட்டம் மட்டும் உடையது கேவுட்டே. வயல், குளக்கரை, ஆகாயத்தாமரை மண்டிய நீர்நிலை ஆகியவை கேவுட்டேக்கு உகந்த இடங்கள். மீனையும் தவளையையும் விரும்பி உண்ணும். நாகம் படமெடுத்து நின்றால் அடையாளத்தில் குழப்பமில்லை. ஆனால் எல்லா வேளையிலும் அது படமெடுப்பதில்லை. படத்தைச் சுருக்கிக்கொண்டு ஊரும் நாகத்தைச் சாரைப்பாம்பு என்று எண்ணிக் காலால் ஒதுக்க முற்பட்டவர்கள் உண்டு. இதன் கடியில் வலியும் வீக்கமும் உடனே தோன்றும். பின்னர் இமை சரியும், நாக்குக் குழறும், மூச்சுத் திணறும்.

கண்ணாடி விரியனை இங்கு சந்திரபோடா என்பர். பழுப்பு உடலில் கருவிளிம்புடைய நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாகச் சங்கிலி கோத்தாற்போல் ஓடும். தலை முக்கோணம், உடல் தடித்தது. மலைப்பாம்புக் குட்டி என்றோ மண்ணுளிப் பாம்பு என்றோ எண்ணி இதைத் தொட்டவர்கள் பலர். தொந்தரவு செய்தால் குக்கர் ஆவி விடுவதுபோல் நெடுமூச்சாகச் சீறும். அந்த ஒலியே போதிய எச்சரிக்கை. முட்டையிடாமல் குட்டி ஈனும் இனம் இது. பிறந்த குட்டிக்கும் அன்றே நஞ்சுண்டு. இதன் நஞ்சு இரத்தத்தின் உறையுந்தன்மையைக் கெடுக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும். ஈறில் இரத்தம் கசிவதும் சிறுநீர் சிவப்பதும் இதன் அறிகுறிகள்.

இவ்விரண்டும் கடித்தால் கடிபட்டவருக்குத் தெரியும். மூன்றாவது அப்படியன்று.

ஓசையின்றி வருவது

கட்டுவிரியன் பகலில் சோம்பிக் கிடக்கும். யாரையும் நாடி வராது. இரவானதும் இரை தேடிப் புறப்படும். செங்கல் அடுக்கு, விறகுக் குவியல், சுவர் விரிசல், ஓலைக்கூரை ஆகியவற்றின் வழியே வீட்டுக்குள் புகுந்து, தரையில் பாய் விரித்து உறங்குவோரின் படுக்கையருகே வந்துவிடும். உறங்குபவர் புரளும்போது நசுங்கினால் கடிக்கும். அதன் பற்கள் மிகச் சிறியவை. பெரும்பாலும் வலியிராது, வீக்கமிராது, சில வேளைகளில் தடம்கூடத் தென்படாது. கொசுக் கடித்தது என்று எண்ணி மறுபடி உறங்கிவிடுவார்கள். விடியும் வேளையில் வயிற்றுவலி, தொண்டையில் ஏதோ அடைத்தாற்போன்ற உணர்வு, மூட்டுவலி. அஜீரணம் என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்போம். அதற்குள் இமைகள் தாமாகவே சரியத் தொடங்கும். பிறகு மூச்சுத்தசைகள் செயலிழக்கும்.

வங்காளத்தின் மனசா தேவி கதையை இங்கு நினைக்காமலிருக்க இயலவில்லை. வணிகன் சாந்த் சௌதாகரின் மகன் லக்கிந்தருக்குத் திருமண இரவில் பாம்பு தீண்டும் என்பது சாபம். அதைத் தடுக்க இரும்பு அறை கட்டினார்கள். அதில் மயிரிழை அளவு துளை ஒன்று இருந்தது. அதன் வழியே பாம்பு புகுந்தது; மணமகள் பேஹுலா கண்ணயர்ந்த நேரத்தில் தீண்டிச் சென்றது. அக்கதையைக் கட்டியவர்கள் மழைக்கால இரவுகளையும் உறக்கத்தில் கடிக்கும் பாம்பையும் நன்கு அறிந்தவர்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. இன்றும் ஹவுரா வட்டாரத்தில், பாத்ர மாதக் கடைசி நாளன்று பல வீடுகளில் அடுப்பு மூட்டுவதில்லை. முன்னாள் சமைத்ததை மனசாவுக்குப் படைத்து உண்பர். அதற்கு அரந்தன் என்று பெயர். குளிர்ந்த அடுப்பைக் கழுவித் துடைத்து, அதனருகே பூசை நடக்கும்.

இனி அடையாளம். எங்கள் படிக்கட்டில் செத்த கர்சித்திக்கும் காலாச்சுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் அன்று விளக்கியது இது. கட்டுவிரியன் பளபளக்கும் நீலக்கருமை நிறமுடையது. மெல்லிய வெண்கோடுகள் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். அவை கழுத்தருகே மங்கியோ இல்லாமலோ இருந்து, வாலை நோக்கிச் செல்லச்செல்லத் தெளிவாகும். கர்சித்தியில் இது தலைகீழ்: கழுத்திலேயே அகன்ற வெண்பட்டை தொடங்கி, வாலை நோக்கி மங்கிப்போகும். தலைப்பக்கம் தெளிவு எனில் கர்சித்தி, வால்பக்கம் தெளிவு எனில் காலாச். கட்டுவிரியனின் முதுகெலும்பு வழியே அறுகோணச் செதில்கள் வரிசையாகப் பெரிதாக இருக்கும் என்பதும் உண்மை; ஆனால் அதைக் காணும் அளவுக்கு அருகில் செல்ல வேண்டாம். ஐயமிருந்தால் காலாச் என்றே கொண்டு விலகி நிற்பது நல்லது.

மஞ்சளும் கருப்பும் மாறிமாறி வளையமிட்ட தடித்த பாம்பொன்றும் இங்கு உண்டு. ஷாங்காமுட்டி என்பர். நஞ்சு மிக்கதுதான், ஆனால் மனிதரைக் கடிப்பது மிக அரிது. பிற பாம்புகளையே, கட்டுவிரியன் உட்பட, உண்டு வாழ்வது. அச்சந்தரும் தோற்றத்தால் இதுவே அதிகம் அடிபட்டுச் சாகிறது.

கட்டுவிரியனுக்கு எதிரான பாதுகாப்பு வியக்கத்தக்க அளவுக்கு எளியது. கட்டிலில் உறங்குவதும், கொசுவலையைப் படுக்கையின் நான்கு புறமும் அடியில் செருகுவதும். நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, கொசுவலைக்குள் உறங்குவோர் பாம்புக்கடிக்கு ஆளாவது குறைவு என்று கண்டறிந்தது. வங்காளத்து வீடுகளில் மசாரி எனப்படும் கொசுவலை இல்லாத படுக்கையைக் காண்பது அரிது. மாலையானதும் நான்கு முனைகளையும் ஆணியில் மாட்டும் வேலை அன்றாடக் கடமை. தமிழ்நாட்டிலிருந்து வந்த நாங்கள் முதலாண்டில் கொசுவர்த்தியை நம்பினோம். இரண்டாம் ஆண்டு மசாரி வாங்கினோம். வலையைத் தொங்கவிட்டால் போதாது, செருக வேண்டும் என்பதைப் பணிப்பெண் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

மற்றவை அனைவரும் அறிந்தவையே: இருளில் கைவிளக்கின்றி நடக்காதிருத்தல், மிதியடியை உதறி அணிதல், கதவடி இடைவெளியை அடைத்தல், எலிக்குத் தீனியாகும் குப்பையையும் சிதறிய தானியத்தையும் அகற்றுதல். இங்கு பலர் கார்பாலிக் அமிலப் புட்டியை மூலைகளில் வைக்கின்றனர். நம் ஊரில் பூண்டும் பெருங்காயமும் கரைத்துத் தெளிப்பர். இவற்றால் பாம்பு வராது என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை. கார்பாலிக் அமிலம் குழந்தையின் தோலைச் சுட்டுவிடும் என்பதற்கோ சான்று ஏராளம்.

பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால், எட்ட நின்று அது செல்லும் இடத்தை ஒருவர் கண்காணிக்க, மற்றவர்கள் குழந்தைகளையும் நாயையும் அகற்றி, அறைக்கதவைச் சாத்தி, அடியில் துணி திணித்துவிட்டு, வனத்துறையையோ பயிற்சிபெற்ற மீட்பரையோ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் தீயணைப்பு மீட்புப் பணித்துறையினரும் வருவர். பாம்பைப் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அடிக்கப் போய்க் கடிபடுவோர் ஏராளம்.

கடித்தபின்

கடிபட்டவரை முதலில் அமரவோ படுக்கவோ வைத்துத் தைரியம் சொல்லுங்கள். கடிபட்ட கை அல்லது காலை, எலும்பு முறிந்ததைப் போல, கட்டை வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் அனைத்தையும் உடனே கழற்றுங்கள். வீக்கம் வந்தபின் அவை சதையை இறுக்கும். வங்காளத்தில் திருமணமான பெண்கள் அணியும் சங்கு வளையைக் கழற்றத் தயங்குவர். அது மங்கலச் சின்னம். அந்நேரத்தில் தயக்கம் கூடாது, தேவைப்பட்டால் உடைக்கலாம். இறுக்கிக் கட்டுப் போடுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பச்சிலை அரைத்துப் பூசுதல் ஆகிய நான்கும் கேடே விளைக்கும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். நடக்கவோ ஓடவோ விடாதீர்கள்.

மருத்துவர் எந்தப் பாம்பு என்று தெரியாமலே சிகிச்சை தொடங்க முடியும். ஒரு சோதனைக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்பர். உறையாவிட்டால் விரியன் நஞ்சு என்று கொள்வர். இமை சரிந்திருந்தால் நாகமோ கட்டுவிரியனோ. இந்தியாவில் தயாராகும் நச்சுமுறி மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. முதல் தவணையாகப் பெரும்பாலும் 10 குப்பிகள் வரை ஏற்றுவர். குழந்தைக்கும் அதே அளவுதான். பாம்பு குழந்தை என்று பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை. இதைக் கேட்டு அஞ்சும் பெற்றோர் உண்டு, அஞ்ச வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து இலவசம். கட்டுவிரியன் கடியில் தசைகள் முற்றிலும் செயலிழந்தபின் மருந்து மட்டும் போதாது. செயற்கைச் சுவாசம் தேவைப்படும். அந்நிலையில் கண் திறக்க இயலாமல் கிடப்பவர் இறந்தவர்போலத் தோன்றுவார். ஆனால் பேசுவது அவருக்குக் கேட்கும். சில நாள் சுவாசம் கொடுத்தால் எழுந்து வீடு திரும்பியவர்கள் பலர்.

இம்மருந்தின் வரலாறு கேவுட்டேயின் உறவிலிருந்தே தொடங்குகிறது. 1891இல் வியட்நாமின் தெற்கே வெள்ளத்தில் நாகங்கள் ஊருக்குள் புகுந்து பலரைக் கடித்தன. அப்போது சைகோனில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர் கால்மெத் அந்நஞ்சை ஆராயத் தொடங்கி, சில ஆண்டுகளில் விலங்குகளின் குருதியிலிருந்து முதல் நச்சுமுறி மருந்தை உருவாக்கினார். இன்று நம் நாட்டில் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக நஞ்சூட்டி இதைத் தயாரிக்கின்றனர். அந்த நஞ்சின் பெரும்பகுதி மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து செல்கிறது. ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் தொடங்கப்பட்டது அச்சங்கம். அதைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். சாந்த்ராகாச்சியில் ஒருவருக்கு ஏற்றப்படும் குப்பியிலும் செங்கற்பட்டு மாவட்டத்து இருளரின் உழைப்பு இருக்கக்கூடும் என்பது தமிழர்களாகிய நமக்குப் பெருமை. அதிலேயே ஒரு குறையும் உண்டு: இடத்துக்கு இடம் பாம்பின் நஞ்சு மாறுபடுகிறது, கேவுட்டே அந்த நான்கில் அடங்காதது. ஆகவே வங்காளத்தில் அதே மருந்து சில வேளைகளில் முழுப் பயன் தருவதில்லை என்று மருத்துவர்கள் கூறி வருகின்றனர். வட்டாரத்துக்கேற்ற மருந்து வரும்வரை நம் கையிலிருக்கும் ஒரே மாற்று, விரைவாகச் செல்வதுதான்.

ஆயினும் பலர் முதலில் ஓஜாவிடம் செல்கின்றனர். மந்திரிப்பவருக்கு இங்குள்ள பெயர் அது. ஓஜாவிடம் சென்று பிழைத்தவர்கள் இருக்கிறார்களே என்பர். இருக்கிறார்கள். கடிப்பவற்றில் பெரும்பாலானவை நஞ்சற்ற பாம்புகள். நச்சுப்பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமல் கடிப்பதுண்டு. அவர்கள் எவ்வாறும் பிழைத்திருப்பார்கள். ஓஜாவின் புகழ் அந்தக் கணக்கில் வளர்ந்தது.

இருபது ரூபாய்

இதனை எழுதத் தூண்டியது படிக்கட்டுப் பாம்பு அன்று. பிறகொரு ஆண்டில், ஐப்பசி மாதத்தில், எங்கள் முன் வந்தமர்ந்த ஒரு பெண். கையில் கணவரின் கணக்குப் புத்தகம். அதில் மே மாதத்தில் 20 ரூபாய் கழிக்கப்பட்ட பதிவு இருந்தது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்னும் விபத்துக் காப்பீட்டின் ஆண்டுத் தவணை. பாம்பு கடித்து அவர் இறந்துவிட்டார் என்றார். மருத்துவமனைத் தாள் கேட்டோம். இல்லை. விடியும்வரை ஓஜா வீட்டில் வைத்திருந்தார்கள்; அங்கேயே முடிந்தது; அன்று மாலையே எரித்துவிட்டார்கள். உடற்கூராய்வும் இல்லை. ஊர்த்தலைவரின் கடிதத்தை இணைத்து விண்ணப்பத்தை அனுப்பினோம். அது ஏற்கப்படாமல் திரும்பி வந்தது. அதை அவரிடம் சொன்ன நாள் எங்களுக்கு மறக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. “தாள் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே” என்று மட்டும் கூறினார். சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தாம்.

ஆகவே இப்போது சொல்கிறோம். 2015இல் தொடங்கிய இத்திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்குடைய எவரும் சேரலாம். விபத்தில் இறந்தால் நியமனதாரருக்கு 2 லட்சம் ரூபாய். பாம்புக்கடி இதில் விபத்தாகவே கொள்ளப்படுகிறது. சாலை விபத்துக்குக் காவல்துறைப் பதிவு தேவை. பாம்புக்கடிக்கும் மரத்திலிருந்து விழுவதற்கும் அதற்குப் பதிலாக உடனடி மருத்துவமனைப் பதிவு தேவை. விதியிலேயே பாம்புக்கடி பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளது. உயிரைக் காக்கும் இடத்துக்குக் கொண்டு சென்றதற்கான தாளே, காக்க இயலாமற்போனால் குடும்பத்தைக் காக்கும் தாளாகவும் ஆகிறது. அனுமதிச் சீட்டு, சிகிச்சைக் குறிப்பு, இறப்புச் சான்று ஆகியவற்றில் பாம்புக்கடி என்ற சொல் எழுதப்பட்டிருக்கிறதா என்று அந்தத் துயரத்திலும் உறவினர் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். நிகழ்ந்த 30 நாளுக்குள் கிளையை அணுகுவது நல்லது. ஆண்டுக்கு 436 ரூபாய்த் தவணையுள்ள ஜீவன் ஜோதி பீமா திட்டத்திலும் கணவர் சேர்ந்திருந்தால், அது எக்காரணத்தால் நேர்ந்த இறப்புக்கும் பொருந்துவதால் தனியே கோரலாம்.

“என் கணக்கிலிருந்து 20 ரூபாய் காணோம்” என்று ஒவ்வொரு ஜூனிலும் சில வாடிக்கையாளர்கள் எங்கள் மேசைக்கு வருவதுண்டு. விளக்கிச் சொல்வோம்; சிலர் சிரிப்பர், சிலர் நிறுத்திவிடச் சொல்வர். காப்பீட்டுக் காலம் ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை. மே இறுதி வாரத்தில் தவணை எடுக்கப்படும் நாளன்று கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்கிறதா, நியமனதாரர் பெயர் சரியாக உள்ளதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.